1865-ன்னு போட்டிருந்தா அது 1865 தொப்பியா? ஸ்டெட்சன் என்ற மனிதரின் கதை

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. மாடி போர்ஷனில் வருஷக்கணக்காக வெளிநாட்டுக்காரர்கள்தான் வாடகைக்கு இருப்பார்கள். ரமணாசிரமத்துக்கும் கிரிவலத்துக்கும் வந்து, ஆறு மாசம் தங்கி, கிளம்பும்போது பாதி சாமானை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி யாரோ விட்டுப்போன ஒரு பழைய தொப்பி, போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது கீழே வந்தது. பழுப்பு நிறம், அகலமான விளிம்பு, உள்ளே தோல் பட்டையில் தங்க எழுத்தில் ஸ்டெட்சன் என்ற பெயர்.

வீட்டுக்கார அம்மாவின் பையன் ஐடி-யில் இருக்கிறான். இரண்டே நிமிஷத்தில் போனில் தேடி, ஸ்டெட்சன் 1865-ல் தொடங்கியது என்று கண்டுபிடித்து, தொப்பிக்கும் அதே வயசைப் போட்டு விற்பனைக்கு ஏற்றிவிட்டான். விலை ஒன்றரை லட்சம். பெங்களூரிலிருந்து ஒருவர் பத்தாயிரம் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். அப்புறம்தான் அவனுக்கு உதறல். ஏண்ணா, இது நிஜமாவே 1865 தொப்பிதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன் என்று போட்டோக்களை எனக்கு அனுப்பினான். அதற்குள் அவனுடைய மூணு வயசுப் பொண்ணு அதைத் தலையில் மாட்டி ஆட்டம் போட்டு, செல்ஃபியும் எடுத்தாயிற்று.

தொப்பியின் வயசைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைச் செய்த ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த 1865-க்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

சாவதற்காக ஊரை விட்டுக் கிளம்பியவர்

ஜான் பேட்டர்சன் ஸ்டெட்சன் 1830 மே 5 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் 12 குழந்தைகள். அப்பா ஸ்டீபன் தொப்பி செய்பவர். நம் ஊரில் தறி போட்ட வீட்டுப் பிள்ளை தறியிலேயே வளர்கிற மாதிரி, ஜானும் பட்டறையிலேயே வளர்ந்தார். பள்ளிக்கூடம் பெரிதாக இல்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், மிருக ரோமத்தை ஃபெல்ட் துணியாக்கி, அதைத் தொப்பியாக்குவது.

ஃபெல்ட் என்றால் என்ன? நூலும் கிடையாது, நெசவும் கிடையாது. கிரிவலப் பாதையில் சாமியார்களின் சடாமுடியைப் பார்த்திருப்பீர்கள். முடி முடியோடு சிக்கி, இறுகி, பிரிக்கவே முடியாத ஒரே திரளாகிவிடும். ஃபெல்ட்டும் அதே மாதிரிதான். முயல், பீவர் போன்ற பிராணிகளின் மெல்லிய அடிரோமத்தை எடுத்து, ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்தால், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணியாகிவிடும். முதலில் பெரிய கூம்பாகப் பிடித்து, கொதிநீரில் நனைத்து நனைத்துச் சுருக்குவார்கள். கடைசியில் தலைக்கு அளவான தொப்பி கிடைக்கும்.

கேட்க எளிதாக இருந்தாலும் உயிரைக் குடிக்கிற தொழில் அது. ஆற்றில் மரத்தைக் கடித்து அணை கட்டுமே பீவர், அதன் ரோமம் தானாகவே நன்றாகப் பின்னிக்கொள்ளும். ஆனால் விலை அதிகம். மலிவான முயல் ரோமம் அவ்வளவு சுலபத்தில் பின்னாது. அதற்காகப் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ரோமத்தில் தடவுவார்கள். தடவிக் காயவைத்தால் ரோமம் ஆரஞ்சு நிறமாகும். அதனால் அந்த வேலைக்கே கேரட் போடுவது என்று பட்டறையில் பெயர். அப்புறம் அதே ரோமத்தை, காற்று வராத அறையில், நீராவிக்கு நடுவே கொதிக்க வைப்பார்கள். பாதரச ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும். கை நடுங்கும், பல் ஆடும், எச்சில் ஊறும், சட்டென்று கோபமோ கூச்சமோ வரும். தொப்பிக்காரன் பைத்தியம் என்று ஆங்கிலத்தில் சொல்வழக்கே உண்டு. ஸ்டெட்சன் பிறந்த நியூ ஜெர்சியிலேயே, தொப்பித் தொழிலாளிகளின் இந்தப் பாதரச நோயைப் பற்றி அடிசன் ஃப்ரீமன் என்ற டாக்டர் 1860-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் தடை வந்தது 1941 டிசம்பரில். நடுவில் 81 வருஷம்! இந்த வருஷக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேங்கிக்கால் தொப்பிக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

இளைஞர் ஸ்டெட்சனைப் பிடித்தது வேறு நோய், காசநோய். நீராவியும் ரோமத்தூசியும் நிறைந்த அந்தப் பட்டறைகளில் நெஞ்சு நோய்க்குப் பஞ்சமே இல்லை. ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டிபி-க்கு மருந்தே இல்லாத காலம். சாவதற்குள் மேற்குப் பக்கத்து அமெரிக்காவைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார் மனிதர்.

மிசோரி மாகாணத்தின் செயின்ட் ஜோசஃப் நகரில் ஒரு செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்து, பங்குதாரராகவே ஆனார். மிசோரி ஆற்றில் வெள்ளம் வந்தது. அறுத்து வைத்த பச்சைக் கல் அத்தனையும் கரைந்து போனது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ராணுவத்தில் சேரப் போனார், உடம்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழில் போச்சு, பட்டாளமும் இல்லை. கொலராடோவில் பைக்ஸ் பீக் மலைப்பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று ஒரு கூட்டம் நடந்தே கிளம்ப, அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் அந்த நிறுவனம் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவரும் கதை வருகிறது. வழியில் மழை. தோல்களைத் தைத்துக் கூடாரம் போட்டார்கள், பதப்படுத்தாத தோல் ஆகையால் நாறியது. ரோமத்தை வைத்தே துணி செய்ய முடியும் என்று ஸ்டெட்சன் சொல்ல, கூட இருந்தவர்கள் நம்பவில்லையாம். தோலிலிருந்து ரோமத்தைச் சிரைத்து, வில் மாதிரி வளைத்த குச்சியின் நாணால் அதை அடித்துப் பஞ்சாக்கி, வாயில் தண்ணீர் வைத்துப் புகைபோல் ஊதி நனைத்து, கொதிநீரில் முக்கிப் பிசைந்து, நெருப்போரம் உட்கார்ந்தே ஃபெல்ட் போர்வை செய்து காட்டினார். அப்புறம் விளையாட்டாக, வெயிலும் மழையும் முகத்தில் படாதபடி பெரிய விளிம்பு வைத்து ஒரு தொப்பி செய்துகொண்டார். அதைப் பார்த்த ஒரு வண்டிக்காரர் ஐந்து டாலர் தங்கக் காசு கொடுத்து, தலையிலிருந்தே வாங்கிப் போனார்.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். பணக்கார முதலாளிகளின் இளமைக் கதைகள் எல்லாமே இப்படித்தான் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். ஆனால் தொழில்நுட்பம் சரியானது. வில்லால் ரோமத்தை அடிப்பது அந்தக் காலப் பட்டறைகளின் வழக்கமான முறை. பாதரசம் இல்லாமல், காட்டுப் பிராணியின் ரோமத்தில் ஃபெல்ட் பிடிப்பதும் சாத்தியம்தான். திறந்தவெளிக் காற்றும் நடையும் அவர் உடம்பைத் தேற்றியது என்பதும் உண்மை. சாகப் போனவர் அப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேல் இருந்தார்.

நூறு டாலரும் ஒரு வாடகை அறையும்

தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. 1865-ல் கையில் சுமார் நூறு டாலரோடு பிலடெல்ஃபியா வந்தார். ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, கருவிகளும் பத்து டாலருக்கு ரோமமும் வாங்கி, தொப்பி செய்ய உட்கார்ந்தார். உள்ளூர்க் கடைகளுக்கு அப்போதைய ஃபேஷன் தொப்பிகளைச் செய்து கொடுத்துப் பார்த்தார். வாங்க ஆளில்லை. எல்லாரும் செய்வதையே இவரும் செய்தால் யார் வாங்குவார்கள்?

அப்போது அந்த மேற்குப் பக்கத்து வண்டிக்காரர் நினைவுக்கு வந்தார். மாடு மேய்க்கிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் அங்கே கைக்குக் கிடைத்ததையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் தொப்பி, பழைய ராணுவத் தொப்பி, எதுவும் அந்த வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. அவர்களுக்காகவே ஒன்றைச் செய்தார். சுமார் நான்கு அங்குல உயரம், நான்கு அங்குல விளிம்பு, சுற்றிலும் ஒரு சாதாரணப் பட்டை, வேறு அலங்காரம் எதுவும் இல்லை. பெயர் மட்டும் அட்டகாசமாக வைத்தார்: பாஸ் ஆஃப் தி பிளெய்ன்ஸ், அதாவது சமவெளிகளின் முதலாளி.

அடுத்து செய்ததுதான் தொழில் மூளை. மேற்கு முழுக்க இருந்த கடைக்காரர்களுக்கு ஒரு மாதிரித் தொப்பியை அனுப்பி, கூடவே ஒரு டஜனுக்கு ஆர்டர் கேட்டுக் கடிதமும் வைத்தார். அதற்கான சரக்கெல்லாம் கடனில் வாங்கியது. ஆர்டர் வராவிட்டால் அதோடு கதை முடிந்தது. ஆர்டர் வந்தது. முன்பணத்தோடும் வந்தது. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் ஃப்ரீ சாம்பிள் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர் இவர்.

ஒரு தொப்பி ஐந்து டாலரிலிருந்து ஆரம்பம். மாடு மேய்ப்பவரின் மாதச் சம்பளம் முப்பது டாலர் சுமாருக்கு இருந்த காலம். ஆனாலும் வாங்கினார்கள். வெயிலுக்குக் குடை, மழைக்குக் கூரை, அடுப்பு ஊத விசிறி, குதிரைக்குத் தண்ணீர் காட்டப் பாத்திரம், எல்லாம் அதுதான். பத்து காலன் பிடிக்கும் என்று ஒரு கதை உண்டு, நம்பாதீர்கள். பத்து காலன் என்றால் கிட்டத்தட்ட 38 லிட்டர், ஒன்றரை வாட்டர் கேன். தொப்பியில் மூன்று லிட்டர் பிடித்தாலே பெரிது.

சினிமாவில் பார்க்கிற மாதிரி நடுவில் பள்ளமும் ஓரங்களில் வளைவும் ஸ்டெட்சன் போட்டதல்ல. அவர் அனுப்பியது மழமழவென்ற உருண்டை முகடு, தட்டை விளிம்பு. பிடித்துக் கழற்றிப் கழற்றி மேலே பள்ளம் விழுந்தது, அப்புறம் அதுவே ஸ்டைலாகிவிட்டது. ஜெய்சங்கரின் கௌபாய் படங்களிலும், சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் தலையிலும் நாம் பார்க்கிற தொப்பியின் தாத்தா இந்த மொட்டைத் தொப்பிதான்.

இடையில் ஒன்று. நம் ஊரில் துரை தொப்பி என்று சொல்வோமே, வெள்ளைக்கார அதிகாரிகள் போட்டது, அது வேறு ஜாதி. அது ரோமத்தில் செய்ததல்ல, தண்ணீரில் வளரும் நெட்டிச் செடியின் தண்டில் செய்தது. எடையே இருக்காது. தஞ்சாவூரில் கோயில் கோபுர பொம்மை செய்கிறார்களே, அந்த நெட்டியேதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தாத்தா வீட்டுப் பெட்டியில் கெட்டியான, காற்றுப்போல் லேசான தொப்பி கிடைத்தால் அது அந்த வகை. அங்கே ஸ்டெட்சனைத் தேடாதீர்கள்.

பிலடெல்ஃபியா அறை தொழிற்சாலையானது, தொழிற்சாலை ஒரு ஊரே ஆனது. 1880-களில் உலகின் பெரிய தொப்பி நிறுவனங்களில் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. 1906 வாக்கில் வருஷத்துக்கு இருபது லட்சம் தொப்பி. பஃபலோ பில், ஆனி ஓக்லி மாதிரி அந்தக் காலத்து ஸ்டார்கள் போட்டார்கள். கனடாவின் குதிரைப் போலீஸும் போட்டது. தொழிலாளிகளுக்கு ஆஸ்பத்திரி, வீடு கட்டக் கடன் சங்கம், ஞாயிறு பள்ளி, கிறிஸ்துமஸுக்குப் பரிசு என்று ஸ்டெட்சன் நிறையச் செய்தார். தான் சாகக் கிடந்த தொழில் என்பதால் செய்தாரா, ஆட்கள் வேறு பட்டறைக்கு ஓடிவிடக்கூடாது என்று செய்தாரா? இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், பாதரசம் அவர் காலத்தில் அந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் பார்க்காதவர் பெயரில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஃப்ளோரிடாவின் டிலாண்ட் ஊரில் இருந்த கல்லூரிக்கு அவர் பணம் கொடுத்து உதவ, 1889-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். குளிர்காலத்துக்கு அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். 1906 பிப்ரவரி 18 அன்று அந்த ஊரில்தான் இறந்தார். வயது 75.

அவருக்கு அப்புறமும் நிறுவனம் வளர்ந்தது. 1915-ல் 5,400 பேர், 33 லட்சம் தொப்பி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆண்கள் தொப்பி போடுவதையே விட்டார்கள். கார் கூரைக்கும் தொப்பிக்கும் ஒத்துவரவில்லை என்பார்கள். 1971-ல் பிலடெல்ஃபியா தொழிற்சாலையை மூடினார்கள். பெயர் மட்டும் உரிமமாகக் கை மாறி, இன்றும் ஸ்டெட்சன் தொப்பி கடையில் கிடைக்கிறது.

சரி, வயசு பார்ப்பது எப்படி?

வெளியே பார்த்து வயசு சொல்ல முடியாது. ஒரே மாடலை ஐம்பது வருஷம் செய்திருப்பார்கள். உள்ளே பார்க்க வேண்டும். 1865 என்று எங்கே போட்டிருந்தாலும் அது கம்பெனி பிறந்த வருஷம், தொப்பி பிறந்த வருஷம் அல்ல. நம் ஊர் அல்வாக் கடை டப்பாவில் கடை தொடங்கிய ஆண்டைப் போட்டிருப்பதால் உள்ளே இருக்கிற அல்வா அந்த வருஷத்தது ஆகிவிடுமா?

எக்ஸ் முத்திரையும் வயசு சொல்லாது. 3 எக்ஸ், 7 எக்ஸ் என்று தோல் பட்டையில் இருப்பது ரோமத்தின் தரத்துக்கான கம்பெனிக் கணக்கு. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. அன்றைக்கு 7 எக்ஸ் என்றால் பணக்காரத் தொப்பி. இன்று 100 எக்ஸ், 1000 எக்ஸ் வரை விற்கிறார்கள். பழைய 7 எக்ஸைப் புது 10 எக்ஸோடு ஒப்பிடுவது, தாத்தாவின் நூறு ரூபாய்ச் சம்பளத்தை நம் சம்பளத்தோடு ஒப்பிடுகிற மாதிரி.

வயசு சொல்லும் தடயங்கள் வேறு. இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருந்திருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே வர வேண்டும். உதாரணமாக ஸ்ட்ராட்டோலைனர் என்று ஒரு ஸ்டெட்சன் மாடல் உண்டு. அந்தப் பெயரில் போயிங் விமானம் முதலில் பறந்தது 1938 டிசம்பர் 31-ல். விமானத்தின் பெயரைத் தாங்கிய தொப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இன்னொன்று, உள் துணியில் ஒரு கௌபாய் தன் குதிரைக்குத் தொப்பியில் தண்ணீர் காட்டும் படம். லான் மெகார்கி என்ற ஓவியர் வரைந்தது. நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது 1920-களில்தான். அந்தப் படம் இருந்தால் ஸ்டெட்சன் என்ற மனிதர் உயிரோடு இருந்த காலத்துத் தொப்பி அல்ல என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

தோல் பட்டையில் கம்பெனி பெயரோடு, விற்ற கடையின் பெயரும் ஊரும் அச்சிட்டிருப்பார்கள். இது நல்ல பிடி. பழைய அமெரிக்க ஊர்களின் முகவரிப் புத்தகங்களும் செய்தித்தாள்களும் இன்று ஸ்கேன் செய்யப்பட்டு ஆன்லைனில் கிடைக்கின்றன. அந்தக் கடை எந்த வருஷம் விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது, எப்போது காணாமல் போனது என்று பார்த்தால் போதும். எங்காவது முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்குப் பிறகு, ஏனென்றால் அமெரிக்காவில் அது வந்ததே அந்த வருஷம்தான்.

கடைசியாக, தோல் பட்டையை மெதுவாக வெளியே மடக்கினால் பின்னால் சின்னக் காகிதத் துண்டுகள் ஒளிந்திருக்கும். ஒன்றில் தலை அளவு. இன்னொன்று இருந்தால் அதிர்ஷ்டம், தொழிற்சங்க முத்திரை.

வேங்கிக்கால் தொப்பியில் அது இருந்தது. பையன் வீடியோ காலில் பட்டையை மடக்கிக் காட்டியபோது, மங்கலான பச்சைக் காகிதத்தில் தொப்பித் தொழிலாளர், குல்லாத் தொழிலாளர், பெண்கள் தொப்பித் தொழிலாளர் என மூன்று பெயரும் சேர்ந்த சங்கத்தின் பெயர். தனித்தனியாக இருந்த சங்கங்கள் இணைந்து அந்தப் பெயர் பிறந்தது 1934-ல். பட்டையில் தயாரித்த இடம் பிலடெல்ஃபியா. அது மூடியது 1971-ல். ஆக, 1934-க்கும் 1971-க்கும் நடுவில். 1865-லிருந்து கிட்டத்தட்ட எழுபது வருஷம் தள்ளி.

பணத்தைவிட இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. அந்த இடைவெளிக்குள்தான் 1941 வருகிறது. அதற்கு முந்திய ஃபெல்ட் என்றால் பாதரசம் இன்னும் அதில் தங்கியிருக்கலாம். மியூசியங்களில் பழைய ஃபெல்ட் தொப்பிகளைக் கையுறை போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஒருமுறை மாட்டிப் பார்த்ததற்காகப் பதற வேண்டியதில்லை, ஆனால் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் அல்ல அது. கையைக் கழுவுங்கள், மூடிய அறையில் தூசி தட்டாதீர்கள், சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், வெயிலில் சூடேற விடாதீர்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. தொப்பி உடனே மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ராத்திரியே பெங்களூர்க்காரருக்கு விஷயத்தைச் சொல்லி, பத்தாயிரத்தை ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் கோபப்படவில்லையாம், சங்க முத்திரையின் போட்டோவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். விளம்பரத்தை எடுத்தாயிற்று. புது விலையோடு திரும்பப் போடலாமா என்று அவன் கேட்டதற்கு, வீட்டுக்கார அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாடியில் இருந்தவர் வருஷா வருஷம் தீபத்துக்கு வருவாராம். கார்த்திகை வரட்டும், அவரிடம் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.